கும்டிக்காக வளைந்த சாலை

எண்பதுகளின் தொடக்கம். ஆசிய விளையாட்டுப் போட்டி வரப்போகிறது என்று டெல்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த நேரம். அப்பாவுக்கு மத்திய சர்க்கார் வேலை; லோதி ரோடு பக்கம் குவார்ட்டர்ஸ். நான் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் சமூக சேவை என்று ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். தோழிகள் முதியோர் கல்விக்கும் ரத்ததான முகாமுக்கும் பெயர் கொடுத்தார்கள். நான் ‘பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்தல்’ என்ற பிரிவில் சேர்ந்தேன். சரித்திரத்தின் மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பஸ்ஸில் இடிபட வேண்டாம், அவ்வளவுதான் காரணம்.

அந்தக் கட்டடம் ஒரு சமாதி. நாலு பக்கமும் வளைவு வைத்து, மேலே ஒரு சின்னக் கும்மட்டம். உள்ளே யார் படுத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதை ‘கும்டி’ என்றுதான் சொன்னார்கள். பெரிய ராஜாக்களின் சமாதிக்கெல்லாம் காவலாளும் புல்தரையும் உண்டு. பெயர் தெரியாதவருக்கு யார் போடுவார்கள்? கும்மட்டத்தில் அரசங்கன்று வேர்விட்டு, விரிசலில் வானம் தெரிந்தது.

வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். எங்களுக்குத் தலைவியாக ஒரு வங்காளிப் பெண். கட்டடக்கலை படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் இந்த மாதிரி இடங்களைத் தேடித் தேடி அலைந்துகொண்டிருந்தவள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. தீதி என்று கூப்பிடுவோம். அக்கா என்று அர்த்தம். தோளில் ஜோல்னாப் பை, காலில் ரப்பர் செருப்பு, எந்நேரமும் கையில் காரை பூசுகிற ஒரு கொலுறு.

கும்டியை ஒட்டி ஜுக்கிகள் இருந்தன. தகரமும் தார்ப்பாயும் போட்ட குடிசைகள். அங்கே இருந்த அத்தனை பேரும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள். ஆணும் பெண்ணுமாக விடியற்காலையிலேயே ஸ்டேடியம் கட்டுகிற இடத்துக்கும் மேம்பாலம் கட்டுகிற இடத்துக்கும் கிளம்பிப் போய்விடுவார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் போகாமல் இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவளாக இருக்கலாம். அவளை நான் அக்கா என்பேன். அவளுக்கு நான் ‘கண்ணு’.

முதல் நாளே சண்டையில்தான் ஆரம்பித்தது. கும்டியின் கல் ஜன்னலில் கயிற்றைக் கட்டி, புடவையில் தூளி போட்டுக் குழந்தையைத் தூங்கவைத்திருந்தாள். கயிறு உரசி உரசி ஜன்னல் உடைந்துவிடும் என்று தீதி அவிழ்க்கச் சொன்னாள். தீதிக்குத் தமிழ் தெரியாது. அவள் பேசிய ஹிந்தியின் வேகம் அக்காவுக்குப் பிடிபடவில்லை. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“வெளிய அனல் வீசுது. தகரத்துக்குக் கீழ போட்டா புள்ள வெந்துரும். இத்தினி பெரிய கட்டடத்துல ஒரு தூளி கட்டுனா என்னா கொறஞ்சு போயிரும்? கேட்டுச் சொல்லு கண்ணு” என்றாள் அக்கா.

தீதி சுற்றுமுற்றும் பார்த்தாள். உள்ளே எங்களுக்காக முன்பே மூங்கிலால் சாரம் கட்டி வைத்திருந்தார்கள். ஜன்னலிலிருந்து தூளியை அவிழ்த்துத் தானே சாரத்தின் அடிக்கட்டையில் கட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து நாங்கள் மேலே வேலை செய்ய, குழந்தை கீழே தூங்கியது. எங்கள் குழுவில் ஒரு சர்தார் பையன் உண்டு. இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், ஆறடி உயரம். சுண்ணாம்புச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போதும் வரும்போதும் காலாலேயே தூளியை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவான்.

எங்களில் ஒருவருக்கும் ஒரு வேலையும் தெரியாது. சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது அடுப்பே இல்லாமல் கொதிக்கும் என்பதையே அங்கேதான் பார்த்தேன். அதோடு செங்கல் தூள், வெல்லத் தண்ணீர், வில்வப் பழக்கூழ் எல்லாம் சேர்த்து அரைக்க வேண்டும். பழைய கட்டடத்துக்கு சிமெண்ட் ஆகாது, அந்தக் காலத்துச் செங்கலை அது அரித்துவிடும் என்று தீதி சொன்னாள். அக்காவுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. அவள் பார்த்ததெல்லாம் சிமெண்ட்டும் கம்பியும்தான்.

“ரெண்டு மூட்டை சிமெண்ட்டப் போட்டா ஒரு நாள்ல முடிஞ்சிரும். நீங்க என்னா, பாயசம் காச்சிக்கிட்டு இருக்கீங்க?”

சிரித்தாலும் எட்ட நிற்கவில்லை. இரண்டாவது வாரமே சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டாள். செங்கல் இடுக்கில் உதிர்ந்துபோன பழைய காரையைச் சுரண்டி எடுக்கவும், இடுக்கை நனைத்து புதுச் சுண்ணாம்பை விரலால் அழுத்தி நிரப்பவும் என்னோடு சேர்ந்து அவளும் கற்றுக்கொண்டாள். எங்கள் எல்லாருக்கும் விரல் நுனி வெந்து தோல் உரிந்தது. வீட்டில் சாதம் பிசைந்து சாப்பிட முடியாமல் நான் ஸ்பூனால் சாப்பிட்டேன். அம்மா திட்டித் தீர்த்தாள்.

சுண்ணாம்பு ஒரே நாளில் இறுகுவதில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தி, வாரக்கணக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள். பரீட்சை வந்தபோது அதுவும் இல்லை. அத்தனை நாளும் கும்மட்டத்தின் மேல் ஏறித் தண்ணீர் தெளித்தது அக்காதான். தூரத்துக் குழாயிலிருந்து குடத்தில் சுமந்து வந்த தண்ணீர். யாரும் அவளிடம் கேட்கவில்லை. பரீட்சை முடிந்து போய்ப் பார்த்தால் சாக்கெல்லாம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஏன்க்கா இவ்வளவு கஷ்டப்படறீங்க என்றதற்கு, “மழைக்காலத்துல புள்ளைக்கு ஒரு ஒழுகாத எடம் வேணாமா?” என்றாள்.

மே மாதம் விடுமுறையில் தினமும் போனோம். விரிசல் மூடி, அரசங்கன்றை வேரோடு எடுத்து, கும்மட்டத்துக்குப் பூச்சு வேலையும் பாதி ஆகியிருந்தது. அப்போதுதான் ஒரு நாள் காலை, தரையில் வெள்ளைப் பொடியால் நேர்கோடு போட்டிருந்ததைப் பார்த்தோம். அந்தக் கோடு கும்டியின் நடுவே போயிற்று. புதுச் சாலை வருகிறதாம். கும்டி யாருடைய பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லாததால் இடிப்பதற்குத் தடையும் இல்லையாம்.

தீதி அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு சாலை போடுகிற அலுவலகத்துக்குப் போனாள். எங்களை உள்ளேயே விட மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகப் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெயிலில் நின்று இப்படி வேலை செய்கிறீர்களே என்று ஆச்சரியப்பட்டார். நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி ஒரு நாள் ஜீப்பில் வந்து கும்டியையும் பார்த்தார். பூச்சைத் தடவிப் பார்த்தார். “சாலைதானே, கொஞ்சம் வளைத்துவிடலாம்” என்றார்.

எங்கள் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சர்தார் பையன் டப்பா நிறைய லட்டு வாங்கி வந்து ஜுக்கி ஜுக்கியாகக் கொடுத்தான். அக்கா லட்டை விண்டு குழந்தையின் நாக்கில் தடவினாள்.

“நெசமாவே இடிக்க மாட்டாங்களா கண்ணு?”

“மாட்டாங்கக்கா. நாம ஜெயிச்சுட்டோம்.”

அடுத்த வாரம் புதுக் கோடு போட்டார்கள். சாலை கும்டியை விட்டு அழகாக வளைந்து போயிற்று. அது வளைந்த பக்கத்தில்தான் ஜுக்கிகள் இருந்தன. ஒன்று மிச்சமில்லாமல் அத்தனை ஜுக்கிகளும் கோட்டுக்குள் வந்துவிட்டன. பழைய கோடு அவற்றைத் தொடவே இல்லை.

அந்தப் பொடிக் கோட்டின் மேல் குழந்தைகள் ஒற்றைக் காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தீதி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதன் மேலேயே நடந்து பார்த்துவிட்டு வந்து சாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடியும் அதே அதிகாரியிடம் போனோம். இந்தத் தடவை தீதி, சர்தார் பையன், நான் மூன்று பேர்தான். மறுபக்கம் வளைக்கக் கூடாதா என்று தீதி கேட்டாள். மறுபக்கம் பெரிய பங்களாக்களின் தோட்டச் சுவர். அவர் சிரித்தார். குடிசைக்காரர்களுக்கு வேறு இடம் கொடுக்கிறோம், கவலை எதற்கு என்றார். தீதி விடாமல் வாதாடினாள். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“அச்சா, ஒன்று செய்யலாம். பழைய கோட்டையே போட்டுவிடுகிறேன். குடிசை இருக்கட்டும், கும்டியை இடிக்கிறேன். சரியா? நீங்களே சொல்லுங்கள்.”

தீதி வாயைத் திறக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சர்தார் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி சார், இடிச்சிடுங்க” என்று நான் சொன்னேன். ஹிந்தியில் எப்படியோ சொல்லிவிட்டேன். எங்கள் கையால் ஒவ்வோர் இடுக்காக நிரப்பிய கும்மட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது. இருந்தாலும் சொன்னேன்.

அவர் கடகடவென்று சிரித்தார். “மகளே, கோடு மேலிடம்வரை போய் முடிவாகிவிட்டது. இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. சும்மா கேட்டுப் பார்த்தேன்.” பிறகு, “நீங்கள் கேட்டதைத்தானே செய்தேன்?” என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். தீதி என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஏன் பேசவில்லை என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. அவளுக்கு அந்தக் கட்டடம் பிள்ளை மாதிரி. அந்தக் கேள்வியை எந்த மனுஷியிடமும் கேட்டிருக்கக் கூடாது.

வீட்டில் அப்பாவிடம் அழுதேன். யாரையாவது தெரியுமா, சொல்லிப் பாருங்களேன் என்றேன். “நான் அங்க வெறும் யு.டி.சி. கிளார்க்கும்மா. என் பேச்சை எங்க செக்ஷன்லயே யாரும் கேக்கறதில்லை” என்றார் அப்பா. என் அப்பா அவ்வளவு சின்னவராக எனக்கு அதற்குமுன் தெரிந்ததில்லை.

ஜூன் மாதம், மழைக்கு இன்னும் நாள் இருந்தபோது, ஒரு காலையில் லாரிகளும் போலீஸும் புல்டோசரும் வந்தன. செய்தி கேட்டு நாங்கள் ஓடிப்போனோம். ஓர் ஆள் ஜீப்பில் நின்றபடி என்னவோ வேகமாகப் படித்தான். ஜுக்கிக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்த சர்க்கார் ஹிந்தி புரியவில்லை. அவன் என்னைப் பார்த்து, “நீ மதராஸிதானே? சொல்லு இவங்களுக்கு” என்றான்.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். “என்னா சொல்றான் கண்ணு?” என்றாள் அக்கா.

நான்தான் சொன்னேன். மத்தியானத்துக்குள் காலி செய்ய வேண்டும், சாமானை லாரியில் ஏற்ற வேண்டும், யமுனைக்கு அந்தப் பக்கம் ரொம்ப தூரத்தில் இடம் கொடுப்பார்கள் என்று என் வாயால், தமிழில் சொன்னேன். ஒரு கிழவர், “நாங்க என்னா தப்புப் பண்ணினோம்?” என்று என்னைக் கேட்டார். அதை ஹிந்தியில் சொல்வதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தகரம் பிடுங்குகிற சத்தம். சூடான லூ காற்றில் பறந்த புழுதி. தீதி தலையில் ஒரு டிரங்குப் பெட்டியை வைத்துக்கொண்டு லாரிக்கும் குடிசைக்குமாக நடந்தாள். அக்கா என்னிடம் வந்து குழந்தையை நீட்டினாள். “புள்ளையக் கொஞ்சம் வச்சிரு கண்ணு. நான் தகரத்தக் கழட்டிடறேன். அத உட்டா அங்க போய் எதக் கட்டுறது?”

குழந்தையை எடுத்துக்கொண்டு கும்டிக்குள் போய் உட்கார்ந்தேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பெண்கள் சிலர் பானையையும் படுக்கையையும் வெயிலுக்கு ஒதுங்க உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு போலீஸ்காரன் தடியால் வளைவைத் தட்டினான். “இது பழங்காலக் கட்டடம். உள்ளே சாமான் வைக்கக் கூடாது. ஜல்தி, ஜல்தி!” பானையெல்லாம் வெளியே உருண்டன. என்னை மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் உடுப்பைப் பார்த்து விட்டுவிட்டானோ என்னவோ. குழந்தை என் மடியில், ஒன்றும் தெரியாமல் தூங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் புல்டோசர் ஓடியபோது தரை அதிர்ந்தது. நான் தலையைத் தூக்கிக் கும்மட்டத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தோம்.

லாரி கிளம்புமுன் அக்கா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். முகமெல்லாம் புழுதி, கையில் தகரம் கிழித்த ரத்தம். அவளே, “நீ என்னா பண்ணுவ, போ. சாப்பிடாமகூட நிக்கிற, உங்கம்மா தேடுவாங்க” என்றாள். அந்த நேரத்திலும் என் வயிற்றை நினைக்க அவளால் முடிந்தது.

ஆகஸ்ட் மாதம், நல்ல மழைக்கு நடுவே, சர்தார் பையனின் ஸ்கூட்டரில் நானும் அவனும் அக்காவைத் தேடிப் போனோம். யமுனையைத் தாண்டி, வீடுகள் முடிந்து, வயலும் முடிந்து, ஒரு பொட்டல். செங்கல்லை நட்டு மனை மனையாகப் பிரித்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு. ஒரு கைப்பம்பு, அதில் மஞ்சளாகத் தண்ணீர். தமிழ்க் குரல் கேட்ட பக்கமெல்லாம் விசாரித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்தோம். அந்தத் தகரத்தைச் சாய்த்து, கீழே உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. தூங்குகிறது என்று நினைத்து, “பாப்பா எங்கக்கா?” என்றேன்.

“போயிருச்சு கண்ணு. வாந்தியும் பேதியுமா ரெண்டே நாளு. ஆஸ்பத்திரிக்குப் போவ பஸ்ஸு கெடைக்கல. அவங்கப்பா வேலை செய்யிற எடத்துலயே தங்கிட்டாரு, தினம் இம்மாந்தூரம் வர முடியல. அவருக்குச் சேதியே மறாநாள்தான் தெரிஞ்சுது.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. சர்தார் பையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்துவிட்டது. திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்கா தகரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “கும்டி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“இருக்குக்கா.”

“மழைக்கு ஒழுவுதா?”

“இல்லக்கா. ஒரு சொட்டுகூட ஒழுகல.”

தலையை ஆட்டினாள். கொண்டுபோன பிஸ்கட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுபடி வருகிறேன் என்றேன். குளிர்காலத்தில் போனபோது அந்த மனையில் வேறு யாரோ இருந்தார்கள். ஊருக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

தீதி அந்த வருஷமே டெல்லியை விட்டுப் போய்விட்டாள். பூச்சின் மீதி பாதியை யார் முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கெல்லாம் கல்லூரியில் ஒரு விழா வைத்துக் கைதட்டினார்கள். மேடையில் நின்றபோது அந்தக் கைதட்டலைக் கேட்கவே முடியவில்லை.

பிறகு எனக்கும் சர்க்கார் வேலை கிடைத்தது. பல வருஷம் அந்தச் சாலை வழியாகத்தான் ஆபீஸ் பஸ். அந்த இடம் வந்ததும் பஸ் ஒரு திருப்பு திரும்பும். நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வோம். சாலை ஏன் அங்கே வளைகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. இரும்பு வேலிக்குள் கும்டி சுத்தமாக நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நாங்கள் செய்த வேலை தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை. எதையோ காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது சந்தோஷமாக வந்து சொன்னால், அதை எந்தப் பக்கம் வளைத்துக் காப்பாற்றினார்கள், அந்தப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுதான் இத்தனை வயதுக்குப் பிறகும் என் மனசு முதலில் பயந்து கேட்கிறது.